விரதம் வேறு, வெட்கம் வேறு

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகள் பதினான்கு பேர் வருகிறார்கள். ஒரு திங்கட்கிழமை, ‘நேற்று எங்கள் வீட்டுச் சாப்பாடு’ என்று பத்து வரி எழுதச் சொன்னேன். நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் பதினொன்றில் சாம்பார். இரண்டில் தயிர்சாதம், ஊறுகாய். ஒரே ஒரு பையன் மட்டும் துணிந்து கோழிக்குழம்பு வரை போயிருந்தான்.

நானும் அந்தத் தெருக்காரிதான். முந்தின நாள் காலை மாட்டுக்கறிக் கடை வரிசையில் தூக்குச்சட்டியோடு நின்றவர்களில் பாதிப் பேர் இந்தப் பிள்ளைகள். எனக்கு முன்னால் நின்ற பெண்பிள்ளை, “ஈரல் கொஞ்சம் சேத்துப் போடுண்ணே” என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் நோட்டிலும் சாம்பார்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “நோட்டுல அதெல்லாம் எழுதக்கூடாதுக்கா” என்றாள். டீச்சர் யாராவது சொன்னாங்களா? இல்லை. வீட்டில் சொன்னாங்களா? இல்லை. “யாரும் சொல்லலக்கா. தெரியும்.”

யாரும் சொல்லாமலே பதினொரு வயதில் தெரிந்துவிடுகிறது. கடையில் ஈரலுக்குச் சண்டை போடத் தெரிந்த பிள்ளைக்கு, பேனாவை எடுத்ததும் பயம் வருகிறது. எழுத்து என்பது நம் வீட்டைப் பற்றிப் பொய் சொல்லும் இடம் என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். இதற்கு யார் மேல் வழக்குப் போடுவது?

முதலில் நாம் பேசும் தமிழின் மேல் போடலாம். சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அதையே காய்கறிச் சோற்றுக்கும் பெயராக வைத்துவிட்டு, மிச்சமுள்ள உலகத்தின் சாப்பாட்டை எல்லாம் ‘அசைவம்’ என்கிறோம். அதாவது ‘அது இல்லாதது’. மீன், கோழி, ஆடு, மாடு, நண்டு, நத்தை எல்லாவற்றுக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஒரு ‘அ’ மட்டும்தான். இலங்கைத் தமிழர்கள் மரக்கறி என்கிறார்கள். பொருளைச் சொல்கிற சொல், யாரையும் தள்ளிவைக்காத சொல். நமக்கோ ‘உயர்தர சைவ உணவகம்’. அந்த ‘உயர்தர’ சமையலின் தரத்தைச் சொல்கிறதா, சாப்பிட வருகிறவரின் தரத்தைச் சொல்கிறதா என்று சின்ன வயதில் எனக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. இத்தனைக்கும் சைவத்தின் அறுபத்து மூவரில் ஒருவரான கண்ணப்பர், காளத்தியில் சிவனுக்குக் காட்டுப்பன்றிக் கறியை வாயில் இட்டுச் சுவை பார்த்துப் படைத்தவர். இன்றைக்கு அவர் நகரத்தில் வாடகைக்கு வீடு தேடினால் என்ன ஆகும்?

வாடகை வீட்டுக்கு வருகிறேன். இதில் நான் பேசுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்காக நகரத்தில் வீடு எடுத்தபோது வீட்டுக்காரர் சாதியைக் கேட்கவில்லை. படித்தவர்கள் சாதியைக் கேட்பதில்லை. “நீங்க வெஜ்ஜா?” என்று மட்டும் கேட்டார். “ஆமாம்” என்று சொன்னது நான்தான். முதுகலையில் சாதியைப் பற்றி ஆய்வேடு எழுதிய நான்தான். மூன்று மாதம் கழித்து ஊரிலிருந்து வந்த அம்மா, முந்தானையில் முடிந்த காசு மாதிரி பைக்குள் ஒளித்து உப்புக்கண்டம் கொண்டுவந்திருந்தார். வறுக்க ஆரம்பித்ததும் ஜன்னலைச் சாத்தினேன். ஊதுபத்தி கொளுத்தினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை வரும்போது வாழைப்பழம் வாங்கிவந்தார்.

அந்த வாழைப்பழத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுக்காரர் என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மீதி எல்லாவற்றையும் நானே செய்தேன், அதுவும் என் அம்மாவிடம். அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லாமல் எப்படித் தெரிந்தது என்று கேட்டேனே, இப்படித்தான் தெரிகிறது. சாத்தப்படும் ஜன்னலைப் பார்த்துத் தெரிகிறது. விருந்தாளி வரும்போது அடுப்பிலிருந்து இறங்கும் சட்டியைப் பார்த்துத் தெரிகிறது. “பெரிய கறி” என்று தணிந்த குரலில் சொல்லும்போது தெரிகிறது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். போன மாதம் கூட்டத்தில்கூட ஒரு தம்பி எழுந்து கேட்டார்: “அம்பேத்கரே விடச் சொன்னாரே அக்கா?”

ஆமாம், சொன்னார். 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள் என்று சொன்னார். ஆனால் அந்த வரியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், பக்கத்தில் இருப்பதைப் படிப்பதில்லை. செத்த மாடு என்பது மகார்களுக்கு வெறும் உணவு அல்ல. ஊரின் செத்த மாட்டை இழுத்துப் போடுவது அவர்கள் மேல் சுமத்தப்பட்ட வேலை. கறி அதற்குக் கூலி மாதிரி. கறியை விடு என்றால் அந்த வேலையை விடு, அந்த வேலையால் உன்னை ஊர் கட்டிப்போட்டிருக்கும் கயிற்றை விடு என்று பொருள். அதனால்தான் ஊருக்குக் கோபம் வந்தது. அந்த மாநாட்டில் சவதார் குளத்துத் தண்ணீரைத் தொட்டுக் குடித்துவிட்டுத் திரும்பியவர்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து, சோற்றை மண்ணில் கலந்தார்கள். ‘இவர்கள் சுத்தமாகிவிட்டார்கள், இனி நம்மோடு சேர்த்துக்கொள்ளலாம்’ என்று யாரும் மாலையோடு வரவில்லை.

அதே அம்பேத்கர்தான் 1948இல் தீண்டப்படாதார் யார் என்ற நூலை எழுதினார். பிராமணர்களும் ஒருகாலத்தில் மாட்டிறைச்சி தின்றவர்கள், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் அதை விட்டார்கள், விடாதவர்களைத் தீண்டப்படாதவர்கள் ஆக்கினார்கள் என்று வாதிட்டார். அந்த வரலாற்றை ஏற்கலாம், மறுக்கலாம், ஆய்வாளர்கள் இரண்டும் செய்கிறார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்த எவரும், மாட்டுக்கறி தின்பதற்காக வெட்கப்படு என்று அவர் சொன்னதாகச் சொல்ல முடியாது. பழி தின்றவர் மேல் இல்லை, தின்றதைக் குற்றமாக்கியவர் மேல் இருக்கிறது என்பதுதான் அந்தப் புத்தகம். நம் தோழர்கள் பலர் வீட்டு அலமாரியில் அது இருக்கிறது. பிரிக்கப்படாமல்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் மகாராட்டிரத்துக்காரர் அல்ல, அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் கைதி. மால்கம் எக்ஸ் 1946இல் திருட்டு வழக்கில் மாசசூசெட்ஸ் சிறைக்குப் போனவர். அவருடைய அண்ணன் தம்பிகள், அக்கா, ஒவ்வொருவராக வெளியே இஸ்லாம் தேசம் என்ற அமைப்பில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். தம்பி ரெஜினால்டு ஒரு கடிதம் எழுதினார்: இனிமேல் பன்றிக்கறி சாப்பிடாதே, சிகரெட் பிடிக்காதே, சிறையிலிருந்து வெளியே வர வழி காட்டுகிறேன். காரணம் எதுவும் எழுதவில்லை. சில நாளில் சாப்பாட்டு மேசையில் பன்றிக்கறித் தட்டு வந்தது. மால்கம் வேண்டாம் என்று அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார். சிறை முழுக்க அதே பேச்சாகிவிட்டது. கறுப்பர்களுக்குப் பன்றி இல்லாமல் முடியாது என்று நினைத்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு அதிர்ச்சி. அது தனக்குப் பெருமையாக இருந்தது என்று தன் வரலாற்றில் சொல்கிறார். பிறகு நார்ஃபோக் சிறையில் அகராதியின் பக்கங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் நகலெடுத்து, நூலகத்தைக் கரைத்துக் குடித்தார். அந்த வாசிப்பிலிருந்துதான் நாம் அறிந்த மால்கம் வந்தார். ஒரு தட்டு, ஒரு மதம், ஓர் அகராதி, ஒரு தம்பியின் கடிதம்.

அவருடைய தலைவர் எலிஜா முகமது 1967இல் என்ன சாப்பிடுவது என்பது பற்றியே தனிப் புத்தகம் எழுதினார். பன்றியும் பன்றிக்குடலும் அடிமை எசமான் நமக்குப் போட்ட கழிவு, தொடாதே என்றார். அதே 1960களில், அதே மக்களிடையே இன்னொரு கூட்டம் அதே குடலையும் கீரையையும் சோளரொட்டியையும் ‘சோல் ஃபுட்’, ஆன்மாவின் உணவு என்று பெயர் வைத்துக் கொண்டாடியது. எசமான் எறிந்ததிலிருந்து எங்கள் பாட்டிகள் சமைத்துக் காட்டினார்கள், அதில் என்ன வெட்கம் என்றது. இரண்டு பேரில் யார் சரி?

எனக்கு இரண்டு பேரும் சரி. விட்டவர் வெள்ளைக்காரரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக விடவில்லை. தின்றவர் வெள்ளைக்காரருக்கு மறைத்துத் தின்னவில்லை. இரண்டு பேரும் தங்கள் வீட்டைப் பார்த்துப் பேசினார்கள். அதனால் நான் தம்பிகளிடம் கேட்பது இதுதான்: நீ விட்டதால் யாருக்கு நட்டம்? மகார்கள் செத்த மாட்டை விட்டபோது ஊருக்கு நட்டம், ஊர் நாறியது. 2016இல் குஜராத்தின் உனாவில் தோல் உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்த பிறகு, தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள், அப்போதும் நட்டம் ஊருக்குத்தான். என் அம்மா உப்புக்கண்டம் கொண்டுவருவதை நிறுத்தியபோது நட்டம் யாருக்கு? வீட்டுக்காரருக்கு ஒரு பைசா இல்லை.

சமூகவியல் படிக்கும் பிள்ளைகள் இந்நேரம் எம்.என்.சீனிவாஸ் பெயரை எடுத்திருப்பார்கள். குடகர்களைப் பற்றி 1952இல் வந்த நூலில், கீழே உள்ள சாதி கறியையும் கள்ளையும் விட்டு, மேல்சாதிச் சடங்குகளை எடுத்துக்கொண்டு ஓரிரு தலைமுறையில் மேலே போகிறது என்று சொல்லி, அதற்குச் சமஸ்கிருதமயமாதல் என்று பெயரும் வைத்தார். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. தீண்டப்படாதவர்களால் அந்தக் கோட்டைத் தாண்ட முடிவதில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அந்த வரிக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. என் தெருவில் மூன்று தலைமுறையாகக் கறியே தொடாத ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் மகனுக்கும் நகரத்தில் வீடு கிடைக்கவில்லை. ஏணியில் ஏறினார்கள், மேலே கதவு இல்லை.

அதற்காக விரதத்தைக் கேலி செய்யும் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். என் அம்மாவழிப் பாட்டி கிறித்தவர், தவக்காலம் நாற்பது நாளும் கறி எடுக்க மாட்டார். அப்பா வீட்டில் மாரியம்மன், ஆடியில் கூழும் கருவாட்டுக் குழம்பும். ஒரு சித்தி புரட்டாசிச் சனிக்கிழமை பிடித்தால் அந்த மாதம் முழுக்கக் கவுச்சி இல்லை. ஒரே கூரைக்குக் கீழே மூன்று நாட்காட்டி ஓடிய வீடு எங்களுடையது. யாரும் யாரையும் அசிங்கமாகப் பார்த்ததில்லை. ஈஸ்டர் காலையில் பாட்டி சமைக்கும் மாட்டுக்கறி வாசத்துக்கு மாரியம்மன் வீட்டுப் பிள்ளைகள் முதல் பந்தியில் உட்காருவோம். விரதத்துக்கு முடிகிற தேதி உண்டு. முடிந்த மறுநாள் சட்டி அடுப்பில் ஏறும், வாசல் திறந்திருக்கும். வெட்கத்துக்குத் தேதி கிடையாது. மதம் மாறினாலும் அது கூடவே வருகிறது. கிறித்தவரானால் பட்டியல் சாதி இல்லை என்கிறது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, சாதி போய்விட்டதாம். கல்லறைத் தோட்டத்துச் சுவரிடம் போய் அந்த ஆணையைப் படித்துக் காட்ட வேண்டும்.

அரசு என்றதும் ஞாபகம் வருகிறது. 2003இல் தமிழ்நாட்டில், 1950ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி பலி கூடாது என்றார்கள். அம்மனுக்கும் முனியப்பனுக்கும் சாப்பாட்டு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்க அரசு கிளம்பியது. 2004இல் அந்தச் சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது, மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. ஆம்பூரில்! எதிர்ப்பு வந்தது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது, கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறியைச் சேர்ப்பதைவிட மழையைச் சேர்ப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

இனி நம் பக்கம். இது சிலருக்குக் கசக்கும்.

2012இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மாட்டுக்கறித் திருவிழா நடத்தினார்கள், அடிபட்டார்கள். 2017இல் மாட்டுச் சந்தைக்கு மத்திய அரசு விதி போட்டபோது சென்னை ஐஐடியில் மாணவர்கள் திறந்தவெளியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், இரண்டு நாள் கழித்து ஒரு ஆய்வு மாணவருக்குக் கண்ணில் அடி விழுந்தது. அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் அதன் நிழலில் நாம் செய்வது என்ன? ஏப்ரல் 14 அன்று பிளாஸ்டிக் தட்டோடு போட்டோ, மாலையில் முழக்கம், மறுநாள் நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள் என்று “அம்மா, இன்னிக்கு அது வேணாம்”. மேடையில் மாட்டுக்கறி அரசியல், வீட்டில் அது ‘அது’.

அந்தத் தட்டுக்கு யார் சமைத்தது என்று எந்த போட்டோவிலும் தெரிவதில்லை. போட்டி கழுவியிருக்கிறீர்களா தம்பி? சுடுதண்ணீர் ஊற்றி, சுண்ணாம்பு தடவி, உள்ளும் புறமும் திருப்பிச் சுரண்டி, நாலு தண்ணீர் அலசி, மஞ்சள் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் குழம்புக்கே போகும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஒரு பெண்ணின் இடுப்பு ஒடியும் வேலை. ‘எங்கள் உணவு எங்கள் உரிமை’ என்ற பதாகையின் பின்னால் அந்தக் கை இருக்கிறது. உரிமை என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தொடாதவர்களின் புரட்சியில் எனக்குப் பாதி நம்பிக்கைதான்.

இன்னொன்று, இதைவிடக் கசப்பு. “நாங்க எஸ்.சி.தான், ஆனா மாட்டுக்கறி சாப்பிடறவங்க இல்ல.” இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்போம்? நம் சாதிகளுக்குள்ளேயே, நமக்குக் கீழே யாராவது கிடைக்க மாட்டார்களா என்று தேடி, அருந்ததியர் வீட்டுச் சட்டியை எட்டிப் பார்க்கும் வேலை. ஒருவர் மாட்டுக்கறி சாப்பிடாமல் இருக்கலாம், பிடிக்காமல் இருக்கலாம், அவரைத் துரோகி என்பதும் முட்டாள்தனம். ஆனால் அந்த ‘ஆனா’வைச் சொல்லும் வாய், வீட்டுக்காரரின் வாய். நம் முகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மராத்தியில் ஷாகு பட்டோளே என்று ஒருவர் 2015இல் ஒரு புத்தகம் எழுதினார். உணவே முழுமையான பிரம்மம் என்று மராத்தியில் ஒரு சொலவடை உண்டு. அதைத் திருப்பிப்போட்டு, உணவு முழுமையற்ற பிரம்மம் என்று தலைப்பு வைத்தார். மாங்கு, மகார் வீடுகளில் எந்தக் கறியை எப்படி வெட்டுவார்கள், ரத்தத்தை எப்படிச் சமைப்பார்கள், வெயிலில் காயவைக்கும் சான்யா (நம் உப்புக்கண்டம்தான்) எத்தனை நாள் தாங்கும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. 2024இல் ஆங்கிலத்தில் வந்து இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்பே, 2009இல், புனே பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஆய்வு மையம் ஷர்மிளா ரெகேயின் வழிகாட்டலில், தலித்துகளின் உணவு நினைவுகளைத் தொகுத்தது. இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா என்பதுதான் அதன் தலைப்பே. வேலை செய்ததில் மாணவர்களும் இருந்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள். கையில் நோட்டோடு அடுப்படிக்குப் போனவர்கள்.

நமக்கு இது புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். எதை வைத்து இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பில் அச்சடித்தார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். சாமானியன் வாங்கக்கூடிய விலையையே பெயரில் வைத்தவர் அவர். அவர் காலமான பிறகும் கோலார் தங்கவயலிலிருந்து அந்தப் பத்திரிகை வந்தது. சுரங்கத்தில் இறங்குகிற குடும்பங்கள் அதை நடத்தின. அவர்களின் கொள்ளுப்பேரர்கள்தான் நாம், நம் பிள்ளைகள்தான் நோட்டில் சாம்பார் எழுதுகிறார்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. போன வருடம் ஊருக்குப் போனபோது, அவர் கறி அரிந்துகொண்டிருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து தீண்டப்படாதார் யார் நூலைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பிராமணர்களும் தின்றார்கள் என்ற இடம் வந்ததும் கத்தியை நிறுத்திவிட்டு, “அப்புறம் எதுக்குடி அன்னிக்கு ஜன்னல சாத்துன?” என்றார். நான்கு வருடம் கழித்துக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

படிப்பகத்தில் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு வேறு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். எழுது என்று சொல்லவில்லை, பாட்டியிடம் கேட்டு வா என்றேன். உப்புக்கண்டத்துக்கு எந்தப் பாகம், எத்தனை விரல் அகலம், உப்பு எவ்வளவு, எத்தனை வெயில். ஐந்து பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள், ஒன்பது பேர் இன்னும் வரவில்லை. ஈரலுக்குச் சண்டை போட்ட பிள்ளை வந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், தலைப்பு இல்லாமல், சின்ன எழுத்தில். மறுநாள் அவள் பாட்டியே படிப்பக வாசலில் வந்து நின்றார். பேத்தி எழுதியதை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். “கிலோவுக்கு ஒரு கைப்பிடி உப்புன்னு எழுதியிருக்கா. அது மழைக்காலத்துக்கு. வெயில் காலத்துக்கு அவ்ளோ வேணாம். மாத்தி எழுதச் சொல்லு” என்றார்.